கத்திரிக்கோலைக் கீழ வைங்க

தங்கச்சி மகன் டொரொண்டோவுல இருந்து லீவுக்கு வந்திருக்கான். 15 வயசு. ஸ்காபரோவுல பொறந்து வளந்த புள்ள. தமிழ் நல்லாப் பேசுவான், வாசிக்கத்தான் எழுத்து எழுத்தா கூட்டணும். கண்டி மஹய்யாவ மேட்டுல ஏறி வந்து மூச்சு வாங்கிக்கிட்டே பையைத் திறந்தான். மொதல்ல வெளிய வந்தது உடுப்பு இல்ல, சாக்லேட்டும் இல்ல.

பேஸ்போல் கார்ட்.

(தெரியாதவங்களுக்கு: நம்ம எல்லே இருக்கே, அதுக்கு தூரத்துச் சொந்தம்தான் பேஸ்போல். அதை ஆடுறவங்க படம் போட்ட சின்ன அட்டை. அங்க நூறு வருசத்துக்கு மேல சேக்குறாங்க.)

ஒவ்வொரு அட்டையையும் கண்ணாடி மாதிரி தடிச்ச பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சு ஒட்டியிருந்துச்சு. மேல ஒரு லேபல். லேபல்ல ஒரு நம்பர். ஒண்ணுல 9, ஒண்ணுல 7.

"என்னடா இது, சோதனை மார்க் மாதிரி?"

"அதேதான் மாமா. கார்டுக்கு மார்க் போடுவாங்க. 10க்கு."

அப்படியே முத்தத்துப் படியில உக்காந்துட்டோம். பிளேன்டீ ஆறிப்போச்சு.

அவன் சொல்லித்தந்தது இதான். ஒரு கார்டை நாலு விதமாப் பாக்கணும். நாலு மூலையும் கூரா நிக்குதா, மழுங்கிப் போச்சா. ஓரம் உரிஞ்சிருக்கா. மேல கீறல், மடிப்பு, கறை ஏதும் இருக்கா. படம் சட்டத்துக்கு நடுவுல இருக்கா, ஒரு பக்கமாத் தள்ளிப் போயிருக்கா. இவ்வளவையும் பாத்து 1ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் குடுப்பாங்க. அந்த நம்பர்லதான் விலை ஏறும், இறங்கும். 1952ல டொப்ஸ் கம்பனி போட்ட மிக்கி மேன்டில் கார்ட் ஒண்ணு 9.5 மார்க் வாங்கினது. 2022ல 126 லட்சம் டொலருக்கு ஏலம் போச்சு. அந்த 1952ஆம் வருசத்து கார்டுங்க விக்காம மிஞ்சிப்போய், இடத்தை அடைக்குதுன்னு 1960ல அந்தக் கம்பனியே கொண்டுபோய் அட்லாண்டிக் கடல்ல கொட்டியிருக்கு!

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. விலைக்காக இல்லங்க. அந்த நாலு கேள்வி இருக்கே, அதே கேள்விங்களைத்தான் நான் நாப்பது வருசமா முத்திரைகளைப் பாத்துக் கேட்டுக்கிட்டு இருக்கேன். யாரும் சொல்லித்தராம, தப்புப் பண்ணிப் பண்ணிக் கத்துக்கிட்டது.

ஆமா, நான் முத்திரை சேக்குறவன். சிலோன் காலத்து முத்திரை.

அலுமாரிக்கு மேல இருந்து தாத்தாவோட பிஸ்கட் டின்னை இறக்கினேன். அவன் உள்ள எட்டிப் பாத்துட்டு கேட்டான்:

"இதுக்கெல்லாம் எத்தனை மார்க் மாமா?"

அந்தக் கேள்விதான் ஒரு வாரமா என்னைத் தூங்கவிடல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

மொதல்ல முத்திரையை எப்படிப் பாக்குறதுன்னு சொல்லிடுறேன்.

முகத்தைப் பாக்காதீங்க. முதுகைப் பாருங்க.

முத்திரையோட முகம் பொய் சொல்லும். நிறம் பளிச்சுன்னு இருக்கும், ராஜா தலை கம்பீரமா இருக்கும், திருப்பினா முதுகுல தோல் உரிஞ்சிருக்கும். பழைய ஆளுங்க சின்னத் தாள் துண்டுல பசை போட்டு ஆல்பத்துல ஒட்டுவாங்க, ஹிஞ்ச்னு பேரு. அதைப் பிச்சு எடுக்குறப்ப முத்திரையோட தாளும் ஒரு படலம் உரிஞ்சு வந்துடும். வெளிச்சத்துல பிடிச்சா அந்த இடம் மட்டும் மெல்லிசாத் தெரியும். அதுவும் கண்ணுக்குப் படலன்னா, கறுப்புத் தட்டுல முத்திரையைக் குப்புறப் போட்டு லைட்டருக்கு ஊத்துற பெட்ரோல் ரெண்டு சொட்டு விடணும். மெலிஞ்ச இடம் கருப்பாத் தெரியும். கூடவே தாளுக்குள்ள ஒளிஞ்சிருக்குற நீர்க்குறியும் மேல வரும். கிரீடமும் சி.ஏ.ன்னு ரெண்டு எழுத்தும். கிரவுன் ஏஜன்ட்ஸ், அதாவது குடியேற்ற நாடுகளுக்கு லண்டன்ல இருந்து முத்திரை அச்சடிச்சு அனுப்ப ஏற்பாடு பண்ண ஆளுங்க. நொடியில பெட்ரோல் ஆவியாயிடும், பெரும்பாலான முத்திரைக்கு ஒண்ணும் ஆகாது. (வெளிய வச்சுப் பண்ணுங்க. பக்கத்துல விளக்கு, அடுப்பு ஒண்ணும் கூடாது.)

அடுத்தது பல்லு. சுத்தி வர்ற ஓட்டை வரிசையில ஒவ்வொரு பல்லையும் எண்ணுங்க. ஒரு பல்லு குட்டையா இருந்தாக்கூட அது குறைதான். மூலைப் பல்லு போயிருந்தா பெரிய குறை.

அப்புறம் படம் நடுவுல இருக்கா. இதுல மருமகன் என்னைவிடக் கெட்டிக்காரன். 1935ல வந்த அஞ்சாம் ஜோர்ஜ் ராஜா காலத்து 25 சதம் முத்திரையைக் காட்டினேன். நம்ம தலதா மாளிகை படம் போட்டது, நீலமும் சாக்லேட் நிறமுமா. பாத்த உடனே சொல்லிட்டான், "இடப்பக்கம் சட்டம் ஓட்டையை முட்டுது மாமா. 6தான் குடுக்கலாம்." இத்தனை வருசம் அதைக் கையில வச்சிருந்தும் நான் அதைப் பாக்கல. மாளிகையைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

இனி கண்டி விசயத்துக்கு வருவோம்.

இங்க முத்திரை சேக்குறது பெரிய சோதனை. மழை, பனி, திரும்பவும் மழை. சுவத்துல கை வச்சா ஈரம். லண்டன்ல இருக்குறவனுக்கு முத்திரை முதுகுல பசை அப்படியே இருக்கணும், அதுதான் அவனுக்கு உச்ச மார்க். இங்க கார்த்திகை மாச மழைக்கு அந்தப் பசை தானா இளகி ஆல்பத்தோட ஒட்டிக்கும். பிச்சா தாள் போகும், விட்டா பழுப்பு ஏறும். துரு மாதிரி சின்னச் சின்னப் புள்ளி வரும், மொதல்ல பல்லு ஓரத்துல, அப்புறம் உள்ள. பூஞ்சணம்தான். ஒண்ணுல வந்தா பக்கத்துல இருக்குறதுக்கும் தொத்தும்.

நான் என்னென்ன பண்ணிப் பாத்தேன்னு கேளுங்க.

துணிப் பையில வறுத்த அரிசி கட்டி டின்னுக்குள்ள வச்சேன். ஈரம் குறைஞ்சுது. மூணு மாசத்துல வண்டு வந்துடுச்சு.

பூச்சிக்கு நப்தலின் உருண்டை போட்டேன். பூச்சி வரல. ஆனா பிளாஸ்டிக் உறை பிசுபிசுன்னு ஆகி முத்திரையோட ஒட்ட ஆரம்பிச்சுது.

சுருண்டு போனதை இஸ்திரிப் பெட்டியில தேச்சேன். இதை மட்டும் யாரும் பண்ணாதீங்க, சொல்லவே மனசு வரல.

ராணி காலத்துப் பச்சை முத்திரை ஒண்ணு. கவர்ல இருந்து பிரிக்க வழக்கம்போல வெதுவெதுப்பான தண்ணியில போட்டேன். பத்து நிமிசத்துல தண்ணி பச்சை, முத்திரை வெள்ளை. அந்தக் காலத்துல தபால் முத்திரைக் குறியைக் கழுவிட்டு திரும்பப் பாவிக்காம இருக்க, ஈரம் பட்டா கரையுற மையிலதான் சில ஊதா, பச்சை முத்திரைங்களை அச்சடிச்சிருக்காங்க. பல வருசம் கழிச்சுத்தான் எனக்கு அது தெரிய வந்துச்சு.

கடைசியா நிம்மதி குடுத்தது சப்பாத்துப் பெட்டியில வர்ற சிலிகா ஜெல் பொட்டலம்தான். மாசத்துக்கு ஒருக்கா சட்டியில லேசா சூடாக்கி ஈரத்தைப் போக்கிட்டுத் திரும்ப வைப்பேன். ஆல்பத்தைப் படுக்க வைக்காம நிமித்தி வைக்கிறேன். வெயில் வந்தா கூடத்துல திறந்து வச்சு, நேரா வெயில் படாம காத்து வாங்க விடுவேன். அவ்வளவுதான்.

சரி, தலைப்புல கத்திரிக்கோல்னு போட்டேனே.

மருமகன் ஒரு கதை சொன்னான். கேட்டதுல இருந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

பேஸ்போல் கார்டுலயே ரொம்பப் பேர் பெத்தது ஹோனஸ் வாக்னர்ங்கிறவரோட கார்ட். 1909ல இருந்து 1911 வரைக்கும் சிகரட் பெட்டிக்குள்ள வச்சு விட்ட அட்டைங்கள்ல ஒண்ணு. அவர் படம் போட்டது கொஞ்சம்தான் வெளிய வந்துச்சு. அதுல ஒண்ணை 1991ல ஐஸ் ஹொக்கி வீரர் வேன் கிரெட்ஸ்கி கூட்டாளி ஒருத்தரோட சேந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டொலருக்கு வாங்கினார். (கிரெட்ஸ்கி பேரைச் சொல்லும்போது இவன் முகத்தைப் பாக்கணும். நாம முரளி பேரைச் சொல்றப்ப இருக்குற அதே முகம்.) கார்டுக்கு மார்க் போடுற பி.எஸ்.ஏ. கம்பனி அந்த வருசம்தான் ஆரம்பிச்சுது. அவங்க மார்க் போட்ட மொத கார்ட் அதுதான். 8 குடுத்தாங்க. எண்பது வருசப் பழசு, மூலையெல்லாம் கத்தி மாதிரி, எப்படி இவ்வளவு சுத்தமா இருக்குன்னு ஆச்சரியப்படாத ஆள் இல்லையாம்.

2013ல பில் மாஸ்ட்ரோங்கிற ஏலக்காரர் வழக்குல மாட்டிக்கிட்டப்ப உண்மை வெளிய வந்துச்சு. அந்தக் கார்டோட ஓரத்தை அவர்தான் வெட்டியிருக்கார். மழுங்கின ஓரத்தை நறுக்கிட்டா புது ஓரம் வந்துடும். மூலை கூராயிடும்.

"வெட்டினா அதுக்கு மார்க்கே கிடையாது மாமா. கிழிஞ்சிருந்தாலும் மார்க் உண்டு. வெட்டினா பூச்சியம்."

நான் டக்குன்னு எந்திரிச்சுப் போய் முத்திரைப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஏன்னா நம்ம கதையும் அதேதான்.

சிலோனோட மொத முத்திரை வந்தது 1857 ஏப்ரல் 1ஆம் திகதி. 6 பென்ஸ், விக்டோரியா ராணி தலை. அந்தக் காலத்து முத்திரைக்கு ஓட்டை வரிசை கிடையாது. தாளா வரும், தபால் கந்தோர்ல கத்திரிக்கோலால வெட்டிக் குடுப்பாங்க. 1859ல 4 பென்ஸ் ஒண்ணு வந்துச்சு, மங்கின ரோஜா நிறம். டல் ரோஸ்னே அதுக்குப் பேரு. சிலோன் முத்திரையிலயே எட்டாத கனி அதுதான். என் கையில ஒருநாளும் வராது, படத்துல பாத்தே கும்பிட்டுக்க வேண்டியதுதான்.

அந்த 4 பென்ஸோட படச் சட்டம் எட்டு மூலையா இருக்கும். சுத்தி வெள்ளைத் தாள். வெட்டுறவன் என்ன பண்ணான்? அழகா இருக்கட்டும்னு சட்டத்தை ஒட்டி எட்டு மூலையாவே வெட்டிட்டான்! கவர்ல ஒட்டினா பதக்கம் மாதிரி இருக்கும்ல. அந்த மாதிரி எட்டு மூலையா வெட்டின முத்திரைக்கும், நாலு பக்கமும் வெள்ளை விட்டு சதுரமா வெட்டின முத்திரைக்கும் இன்னைக்கு விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மாஸ்ட்ரோ வெட்டினது ஏமாத்த. கந்தோர்ல வெட்டினவன் அழகுக்காக வெட்டினான், அவன் மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா ரெண்டு பேரும் வெட்டி எறிஞ்ச அந்த ஒரு நூல் அளவு தாள் திரும்ப வராது.

இவ்வளவும் ஏன் சொல்றேன்னா, நானும் வெட்டியிருக்கேன்.

பாட்டியோட கூடப் பொறந்த தங்கச்சியை நாங்க சின்னாச்சின்னு சொல்லுவோம். தாத்தா கண்டி முனிசிபல்ல வேலை, அதனால பாட்டி மஹய்யாவுக்கு வந்துட்டாங்க. சின்னாச்சி வாழ்க்கைப்பட்டது தோட்டத்துக்கு. கொழுந்து எடுத்தவங்க. 1964ல சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்களே, நம்ம மலைநாட்டு ஆளுங்கள்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்குன்னு கணக்குப் பண்ணி, அந்தக் கணக்குல சின்னாச்சி வீடும் போயிடுச்சு. கோச்சி ஏறி தலைமன்னார், அங்க இருந்து கப்பல்ல ராமேஸ்வரம். பாட்டி அந்தக் கோச்சியை 'அழுகைக் கோச்சி'ன்னுதான் சொல்லும். மலைநாட்டுல எல்லாருமே அப்படித்தான் சொன்னாங்க.

போனவங்க கோத்தகிரி பக்கம் போய்ச் சேந்தாங்க. இங்க இருந்து வர்றவங்களுக்குன்னு தமிழ்நாட்டு அரசாங்கம் 1968ல நீலகிரியில தேயிலை போட ஆரம்பிச்சிருந்துச்சு. இங்கயும் கொழுந்து, அங்கயும் கொழுந்து.

அங்க இருந்து கடுதாசி வரும். வருசத்துக்கு நாலஞ்சு. சின்னாச்சிக்கு எழுதத் தெரியாது, யாரையாவது பிடிச்சு எழுதச் சொல்லி அனுப்பும். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது, பக்கத்துக் காம்பராவுல ஒரு அண்ணன் வந்து வாசிப்பார். கவர் மேல இந்திய முத்திரை. மாம்பழம் படம் போட்ட 50 பைசா. அப்புறம் பச்சை நிறத்துல, கொழுந்து பறிக்கிற படம் போட்ட 15 பைசா. 1965ல வந்த வரிசையில உள்ளது.

10 வயசுல எனக்கு அந்தக் கொழுந்து முத்திரைன்னா உசுரு. கடுதாசி வந்து வாசிச்சு முடிக்கிற வரைக்கும் கத்திரிக்கோலோட பக்கத்துலயே நிப்பேன். வாசிச்சு முடிஞ்சதும் கவரை வாங்கி, முத்திரையை மட்டும் வெட்டி எடுத்து, தண்ணியில ஊறப்போட்டு, சோத்துப் பசை போட்டுக் கொப்பியில ஒட்டுவேன். மிச்சக் கவர் அடுப்புக்குப் போயிடும்.

அந்தக் கொப்பி இன்னும் இருக்கு. பச்சையா முப்பத்தோரு கொழுந்து முத்திரை. சிலதுல தபால் குறி பாதி தெரியும், கால்வாசி தெரியும். எந்த ஊர்க் கந்தோர், எந்தத் திகதி, ஒண்ணும் முழுசா இல்ல. குறியோட மீதி பாதி கவர்லதானே இருந்துச்சு. பேரும் விலாசமும் அங்கதான் இருந்துச்சு. சின்னாச்சி யார் கையெழுத்துல எழுதி வாங்குச்சோ, அவங்க கையும் அங்கதான் இருந்துச்சு.

மருமகன் கொப்பியைப் புரட்டிட்டு ஒண்ணும் சொல்லல. நல்ல புள்ள. ஓரமா ஒரு முத்திரையைத் தொட்டு, "பசை காஞ்சிருச்சு மாமா, இதை எடுக்க ஏலாது"ன்னு மட்டும் சொன்னான்.

அப்புறம் டின்னோட அடியில கை விட்டான்.

அடியில பழைய கவர் ஒண்ணு உண்டு. தாத்தா அதுக்குள்ள பிறப்புச் சர்ட்டிபிகட், பதிவுப் பத்திரம் எல்லாம் வச்சிருந்தார். 1948ல பிரஜாவுரிமை போனதுக்கு அப்புறம் நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பத்திரம்தானே உசுரு. அதைத் தொட்டா முதுகு பிஞ்சிடும்னு சொல்லி வச்சிருந்தார். நான் தொட்டதே இல்ல. தாத்தா போனதுக்கு அப்புறமும் பத்திரங்களை எடுத்துக்கிட்டு கவரை மட்டும் அப்படியே போட்டு வச்சிருந்தோம்.

அவன் அதைச் சாமணத்தால எடுத்துத் திருப்பினான்.

கொழுந்து முத்திரை ரெண்டு, மாம்பழம் ஒண்ணு. கத்திரிக்கோல் படாத கவர்!

அந்த நிமிசம் எனக்குப் பேச்சு வரல. நாப்பது வருசமா வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு. பாக்காம விட்டிருக்கேன்.

நிலைமை எப்படின்னா, நடுவுல மடிச்ச கோடு. ஒரு மூலை கிழிஞ்சு போச்சு. வலது பக்கம் தேத்தண்ணிக் கறை. ராமபாணப் பூச்சி மேல் ஓரத்தை அரிச்சிருக்கு. ஒரு கொழுந்து முத்திரைக்கு மூலைப் பல்லு இல்ல. முன்னாடி சொன்னேனே குறைங்க, அம்புட்டும் இதுல இருக்கு.

"இதுக்கு எத்தனைடா குடுப்ப?"

அவன் யோசிச்சான். உண்மையாவே யோசிச்சான், சும்மா மாமாவுக்காக இல்ல.

"கார்டா இருந்தா 1. ஆனா வெட்டல."

அதுதான் நான் கேக்க விரும்பினது. குறையிலயும் ரெண்டு வகை இருக்குன்னு நான் நம்புறேன். கவனிக்காம விட்டு வந்த பூஞ்சணம், இஸ்திரிப் பெட்டி, செலோடேப், இதுங்களுக்கு மார்க் குறைங்க, எவ்வளவு வேணும்னாலும் குறைங்க. ஆனா கோத்தகிரியில இருந்து கண்டிக்கு வந்த கவர்ல மடிப்பு இருந்தா, ஒருத்தர் அதை மடியில செருகியிருக்கார்னு அர்த்தம். தேத்தண்ணிக் கறை இருந்தா, வாசிக்கிறப்ப பக்கத்துல கோப்பை இருந்திருக்கு. அதைக் கழுவி எடுக்க வழி இருக்குன்னு எனக்குத் தெரியும். செய்ய மாட்டேன். உங்க வீட்டுலயும் பழைய கவர் இருந்தா முத்திரையைப் பிரிக்காதீங்க. ஊறப்போடாதீங்க. லெமினேட் பண்ணாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன், சூட்டுல ஒட்டினது ஒட்டினதுதான். கவரோட அப்படியே, காத்துப் போற இடத்துல வைங்க.

பூதக்கண்ணாடியை அவன்கிட்ட குடுத்தேன். தபால் குறியை வாசிச்சான். கோத்தகிரி. 19 பெப்ரவரி 74. கீழ நீல மையில விலாசம், தமிழ்ல. அவன் விரலை வச்சு எழுத்து எழுத்தாக் கூட்டினான்.

"ம... ஹ... ய்... யா... வ. கண்டி. சி... லோ... ன். சிலோனா? அப்ப சிறிலங்காதானே மாமா?"

72லயே பேர் மாறிப்போச்சு. சின்னாச்சிக்குக் கடைசி வரைக்கும் சிலோன்தான்.

அடுப்படியில இருந்த அம்மாவுக்குத் திகதி கேட்டிருக்கு. அங்க இருந்தே சத்தம் குடுத்தாங்க:

"பெப்ரவரியா? அப்ப அதுதான் சின்னாச்சி போய் மொத மொதல்ல போட்ட கடுதாசி. நீ வயித்துல இருந்த."

மருமகன் கார்ட் வைக்கிற பிளாஸ்டிக் உறை ஒண்ணை எடுத்துக் கவரோட வச்சுப் பாத்தான். பத்தல. அதுக்குள்ள அம்மாவே வெளிய வந்துட்டாங்க. தேங்காய் துருவின கை. இவன் என்னைப் பாத்தான், குடுக்கலாமா வேணாமான்னு.

குடுடான்னேன்.

அம்மா கையை ரெண்டு தடவை சீலையில தொடச்சுட்டு வாங்கினாங்க.